புளியமரத்துச் சக்களத்திகள்

காசிராஜன் இரண்டு சரவெடிப் பெட்டிகளைப் புளியமரத்தடியில் இறக்கிப் பிரித்தான். இறந்துபோன அண்ணன் தங்கச்சாமி முப்பது வருஷம் லோடு ஏற்றிய பட்டாசுக் கம்பெனி அனுப்பியது. தாயில்பட்டியில் வெடிச் சத்தமில்லாமல் ஒரு பாடை கிளம்பினால் கேவலம்.

மரம் நிறைய நாரைக் கூடுகள். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்க வரவில்லை.

“மதினி, அண்ணன் இருந்தா இங்கன வைக்க விட்டிருப்பாரா?” என்று தயங்கினான்.

“அவருதான் போயிட்டாருல்ல. வைங்க தம்பி,” என்றாள் இருளம்மாள்.

இருபது வருஷமாக அந்த நாரைகள்தாம் அவளுக்குச் சக்களத்திகள். மகள் சடங்குக்கு வந்த வெடியைக்கூட ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தவர் அவர். தீபாவளிக்குத் தெருவே அவருக்குப் பயந்து வெடி வைக்கக் கம்மாய்க்கரைக்குப் போகும். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை எடுத்துத் தரத் தெரியாத மனுஷன், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஊட்டுவார். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போதும், “குஞ்சுக்கு மீன் போட்டியா?” என்றுதான் கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை.

பாடையைத் தூக்கினார்கள். காசிராஜன் பத்தியைப் பற்றவைத்துக் குனிந்தான். கூட்டம் மொத்தமும் பாடையில் கிடந்தவரை விட்டுவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தது. பாவம் குஞ்சுக என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

இன்றைக்குமா? இருளம்மாளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

“வேணாம் தம்பி. சுடுகாட்டுல போய் வைங்க. இங்கன வச்சா எல்லாரும் அதுகளைத்தான் பாப்பாக. இன்னைக்கு ஒரு நாளாவது அவரைப் பாக்கட்டும்.”

வெடி இல்லாமலே பாடை தெருவைத் தாண்டியது.

வீடு கழுவ வந்த நாத்தனார் பாண்டிலட்சுமி, துக்க வீட்டில் மீன் ஆகாதென்று, கொல்லையில் அவர் கெண்டை வாங்கி விட்டிருந்த வாளியைக் கொட்டத் தூக்கினாள். இருளம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். தலைக்கு ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்டப் போய், கோழி அடைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கினாள். உள்ளே இருந்த கால் ஒடிந்த நாரைக்குஞ்சு அவள் நீட்டிய மீனைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி அவளுக்குப் பின்னால் பார்த்தது.

“அவரு வரமாட்டாரு,” என்றாள். “இனி என் கையிலதான் திங்கணும்.”

சுடுகாட்டுப் பக்கம் சரவெடி படபடத்தது. குஞ்சு ஒடுங்கியது. சத்தம் ஓயும்வரை ஈர முந்தானையால் அதை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது.