எவர்சில்வர் வண்டியில் வெட்டிய பெயர்

1

இந்தக் கதை ஒரு டம்ளரிலிருந்து வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வரும், ரயிலில் வரும் என்கிறார்கள். எனக்குக் காலைக் காப்பியோடு வந்தது.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் 'க. கருப்பையா' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கருப்பையா என் மாமனார். மலேசியாவில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்குப் பார்ப்பவராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரில்தான் காப்பி குடிக்கிறேன், அவர் பெயரில்தான் சோறு தின்கிறேன்.

ஒரு நாள் இதைப் பற்றி என் மனைவி பாஞ்சாலையிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "டம்ளர்ல பேரு இருக்கறதுக்கே இந்தப் பாடா? எங்க தோட்டத்துல ஒரு வண்டிக்கே பேரு வெட்டிட்டாங்க" என்றாள். பிறகு அந்த வண்டியின் கதையைச் சொன்னாள். அவள் சொல்லி நிறுத்தியபோது காப்பி இன்னும் ஆறவில்லை. நான் எழுதத் தொடங்கி ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

(ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கழுவியதும் இல்லை. டம்ளர் கழுவியதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பாஞ்சாலையும் கேட்டாள்.)

2

முதல் தொடக்கம்: "பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற கேமரன் மலையின் மடியிலே, பனித்திரையை விலக்கிக்கொண்டு—"

நிறுத்திவிட்டேன். அந்தக் கம்பளத்தை எனக்கு முன்னால் எத்தனையோ பேர் விரித்து, மிதித்து, நைந்துபோகச் செய்துவிட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "உலோகம் என்பது என்ன? மனிதன் தன் முகத்தைத் தேடி—" இதைப் படித்துவிட்டு, கடைக்குப் போகும்போது வெங்காயம் வாங்கி வரும்படி பாஞ்சாலை சொன்னாள். அதுதான் விமர்சனம்.

மூன்றாவது: "எழுபத்தெட்டாம் வருஷம் தோட்ட மானேஜர் டங்கன் துரையின் லேண்ட்ரோவர் ரிங்லெட் வளைவில் சறுக்கி மண்மேட்டில் மோதியது."

இது பரவாயில்லை. இதில் ஒரு வருஷம், ஒரு துரை, ஒரு மோதல் இருக்கின்றன. மோதியதில் வண்டியின் வெளித்தகடெல்லாம் நசுங்கிவிட்டது. தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து கொட்டும் மேசைகளுக்கு எவர்சில்வர் தகடு போட்டது போக மிச்சம் கிடந்தது. ஃபிட்டர் அதையே வெட்டி வளைத்து வண்டிக்கு மாட்டிவிட்டார். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். வெயிலில் அது மின்னுவது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தோட்டத்து ஜனங்கள் அதற்கு எவர்சில்வர் வண்டி என்று பெயர் வைத்தார்கள்.*

* இந்த வண்டியை நம்ப மறுப்பவர்கள் என்னிடம் வர வேண்டாம். பாஞ்சாலையிடம் போங்கள், உங்களுக்கும் வெங்காயம் வாங்கும் வேலை கிடைக்கும்.

3

டிரைவர் பக்கிரிசாமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. கதாநாயகனுக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்று நினைத்து முதல் பிரதியில் மீசை வைத்தேன். மீசையே கிடையாது என்றாள் பாஞ்சாலை. எடுத்துவிட்டேன். இப்போது அவனிடம் மிஞ்சியிருப்பது இருமல்தான்.

அந்த இருமல் முக்கியம். டிரைவராவதற்கு முன் அவன் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்தில் இருந்தான். முதுகில் பம்பு, மூக்கில் ஒரு துணி, நாளெல்லாம் மருந்துப் புகை. நெஞ்சு கெட்டுப்போயிற்று. லைசென்ஸ் எடுத்து, பழைய டிரைவர் ஓய்வு பெற்றதும் கெஞ்சிக் கூத்தாடி அந்த இடத்துக்கு வந்தான். வண்டிக்கு வந்த பிறகுதான் அவனால் படுத்துத் தூங்க முடிந்தது.

சாவியைக் கொடுத்த அன்றே துரை ஒரு நிபந்தனை போட்டார். துரைக்குத் தோட்டத் தமிழ் அரைகுறையாகப் பேச வரும், படிக்க வராது. முக்கியமான விஷயமென்றால் கிராணி வழியாகத்தான் சொல்வார். இதையும் என் மாமனார்தான் எடுத்துச் சொன்னார்.

"இந்தா பக்கிரி, ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே பம்பைத் தூக்கிடணும்னு துரை சொல்றாரு."

சொல்லும்போது மாமனாருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்திருக்கும் என்று எழுதினேன். ஏனென்றால் அவருடைய மச்சான் ராமையாவும் லைசென்ஸ் எடுத்துவிட்டு அந்த வேலைக்குத்தான் காத்திருந்தார். [பாஞ்சாலை இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். அடிப்பதற்கா, ஆமோதிப்பதற்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.]

4

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அடித்த வண்டிக்குச் சட்டை உண்டு. எவர்சில்வர் வண்டிக்கு அது இல்லை. தொட்டவன் கை தொட்ட இடத்தில் அப்படியே நிற்கும். கங்காணி சாய்ந்து பேசிவிட்டுப் போனால் அவருடைய முழங்கை மத்தியானம் வரை கதவில் இருக்கும். மழைத்துளி காய்ந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு.

ஓட்டியது பக்கிரிசாமி என்றாலும் கழுவியது அவன் மனைவி அம்மாக்கண்ணு. கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கிய கையோடு வாளியைத் தூக்குவாள். முதல் தடவை, பாத்திரம் துலக்குவது போலவே சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். எவர்சில்வரை வேறு எப்படித் தேய்ப்பது? காய்ந்ததும் பார்த்தால் வண்டி முழுவதும் மங்கலாகச் சுழி சுழியாக இருந்தது. பக்கிரிசாமிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, துரை பினாங்குக்குப் போயிருந்தார்.

தகட்டில் மெல்லிய கோடு ஒரே பக்கமாக ஓடும், அது போகிற போக்கிலேயே துடைக்க வேண்டும் என்று ஃபிட்டர் சொன்னார். சாம்பல் கூடாது, மணல் கூடாது, சவுக்காரத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். துரை திரும்பி வருவதற்குள் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கோட்டின் போக்கிலேயே தேய்த்துத் தேய்த்துச் சுழிகளைக் கரைத்துவிட்டார்கள்.

பிறகு கைரேகை. அதற்கு அம்மாக்கண்ணுவே ஒரு வழி கண்டுபிடித்தாள்: தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. ரேகை மறைந்தது. ஆனால் தொழிற்சாலைப் பக்கம் நிறுத்தியதும் பறந்து வந்த தேயிலைத் தூளெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. வென்னீர் ஊற்றியிருந்தால் ஊருக்கே தேத்தண்ணி கொடுத்திருக்கலாம். மறுபடியும் முதலிலிருந்து கழுவினாள்.

(நானும் இந்தக் கதையை இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பளபளப்பு வந்தபாடில்லை.)

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. வண்டியில் ஒரு கீறல் இல்லை.

5

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். ரிங்லெட் பாத்திரக்கடையில் பண்டிகைக் காலத்துக்காக ஈப்போவிலிருந்து பெயர் வெட்டுபவர் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கிரிசாமி கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தோட்டத்துத் தபால் எடுக்கப் போனான். கூட வந்திருந்த அம்மாக்கண்ணு ஒரு சொம்பு வாங்கினாள். சொம்பில் புருஷன் பெயரை வெட்டச் சொன்னாள்.

முதல் பிரதியில் இதையும் இதற்கு அடுத்து நடந்ததையும் பக்கிரிசாமி தலையில்தான் கட்டியிருந்தேன். "எந்த ஆம்பளைக்குலா பாத்திரத்துல பேரு வெட்டணும்னு ஞாபகம் வரும்?" என்று பாஞ்சாலை கேட்டாள். அதுவும் சரிதான்.

அப்போது அதே மலையில் திரிங்காப் ஊரில் காய்கறி லோரி ஒன்று களவு போயிருந்தது. அம்மாக்கண்ணுவுக்கு அதே கவலை. வண்டி தொலைந்தால் வேலை தொலையும், வேலை தொலைந்தால் புருஷன் நெஞ்சு தொலையும். பெயர் இல்லாத எவர்சில்வர் யார் வீட்டுக்கும் போய்விடும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கோயில் விசேஷத்துக்குக் கொடுத்த அண்டா குண்டானெல்லாம் பெயர் இருந்ததால்தானே திரும்பி வருகிறது?

வெட்டுகிற கருவியின் கரண்டு வயர் வாசல் வரை எட்டியது. வண்டிக் கதவிலும் ஒரு பெயர் வெட்டச் சொன்னாள். என்ன பெயர் என்று வெட்டுபவர் கேட்டார். அவள் யோசிக்கவில்லை. தன் பெயரைச் சொன்னாள்.

அவள் வீட்டுப் பாத்திரங்களில் பாதியில் அவளுடைய அப்பா பெயர், மீதியில் மாமியார் பெயர். புதுச் சொம்பில் புருஷன் பெயர். அவள் பெயர் எதிலும் கிடையாது. தினம் கழுவிய வண்டிக்குப் பெயர் கேட்டபோது அவள் வாயில் வந்தது அவள் பெயர். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். காப்பி குடித்தேன். டம்ளரில் மாமனார்.

பக்கிரிசாமி தபாலோடு திரும்பி வந்தான். டிரைவர் பக்கத்துக் கதவில், பிடிக்குக் கீழே, கட்டைவிரல் நீளத்துக்கு 'அம்மாக்கண்ணு'.

"என்னா செஞ்சி வச்சிருக்க நீ?"

"பேருதான வெட்டுனேன். கீறவா செஞ்சேன்?"

அவன் படியில் உட்கார்ந்து இருமினான். இருமல் அடங்கிய பிறகு, "துரைக்கு ரெண்டும் ஒண்ணுதான் புள்ள" என்றான். அவள் அதற்குப் பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தாள்.

6

தேய்த்தார்கள். கோட்டின் போக்கிலே தேய்க்கத் தேய்க்க, பெயர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

ஆயுத பூஜை காப்பாற்றியது. அன்று கவாத்துக் கத்தி முதல் லோரி வரை எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். எவர்சில்வர் வண்டியின் கதவில் மட்டும் சந்தனம் கொஞ்சம் தாராளம். மற்ற வண்டிகளில் அது காய்ந்து உதிர்ந்துபோன பிறகும் இதில் தினமும் ஈரமாகவே இருந்தது. துரை விசாரித்தார். பக்கிரிசாமி ரொம்ப சாமி கும்பிடுகிறவன் என்று மாமனார் சொல்லி வைத்தார். அவருக்கு அப்போது விஷயம் தெரியாது.

ஆனால் மலையில் சாயங்கால மழை தவறாது. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் மழை சந்தனத்தைக் கழுவிவிட்டது. துரை பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தார். அவர் மூக்குக்கு நேராகக் கதவு.

கிராணியைக் கூப்பிட்டார்.

7

முடிவு அ: கிராணி குனிந்து பார்த்தார். "சாமி பேருங்க துரை. வண்டிக்குக் காவல்" என்றார். துரை தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

பாஞ்சாலை படித்துவிட்டு, "எங்கப்பா அவ்ளோ நல்லவரு இல்லலா" என்றாள்.

முடிவு ஆ: கிராணி படித்தார். உள்ளதைச் சொன்னார். மறுநாள் ராமையா வண்டி ஓட்டினார், பக்கிரிசாமி பம்பைத் தூக்கினான்.

இதைப் படித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று ரசத்தில் உப்பில்லை. கை கழுவும்போது, "அவ்ளோ கெட்டவரும் இல்ல" என்றாள்.

முடிவு இ: "அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். துரையை நேருக்கு நேர் பார்த்து—" எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். அந்த நேரம் அவள் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பறந்தா வருவாள் என்று பாஞ்சாலை கேட்டாள். கைதட்டலை வாபஸ் வாங்கினேன்.

அப்படியானால் என்னதான் நடந்தது? உனக்குத் தெரியுமா என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றாள் பாஞ்சாலை. "சொன்னா நீங்க எழுதிடுவீங்க. எழுதிட்டா அப்பறம் தேய்ச்சாலும் போவாது. எங்கப்பா பேரு அது."

8

ஆகவே என்னால் முடிக்க முடியவில்லை. நான் கோழை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் மாமனார் பெயர் வெட்டிய தட்டில் மூன்று வேளை சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் துரை இன்னும் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. என் மாமனாரை அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவர் நின்ற இடம் காலியாக இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.

வாருங்கள். குனிந்து பாருங்கள், கதவைத் தொட்டுவிடாதீர்கள். பெயர் தெளிவாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் வேலைக்குக் காத்திருக்கும் மச்சான் ஒருவர் இருக்கலாம், அது உங்கள் பாடு. இந்தப் பக்கம் பக்கிரிசாமி இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, உங்கள் வாயைப் பார்க்கிறான்.

என்ன எழுதியிருக்கிறது என்று துரை கேட்கிறார்.