துள்ளும் சக்கரம்

ரிசப்ஷனில் இருந்தவர்கள்: மேனேஜர் பிச்சுமணி. ஏழாம் நம்பர் அறையில் தங்கியிருந்த நிர்மலாதேவி, அவள் கணவன் சுந்தரபாண்டியன். அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வள்ளித்தாய். மவுஸைச் சரிசெய்ய வந்த துல்கர்னைன். முதல் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளித்தாய் சுவரோரம் நின்றாள். துல்கர்னைனுக்கு இன்னும் யாரும் நாற்காலி காட்டவில்லை.

லாட்ஜ் ஐந்தருவி ரோட்டில் இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் அங்கே எதுவும் காயாது. துண்டு காயாது, சுவர் காயாது, தீக்குச்சி பற்றாது. தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் துல்கர்னைனுக்கு சீசன் நேரத்தில் குற்றாலத்திலிருந்து வரும் போன் எல்லாம் ஈரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் சென்னையில் நைட் ஷிப்ட் பார்த்தான். ஏதோ ஒரு தேசத்துக் கிடங்குகளில் ஓடும் கேமராக்களை இங்கிருந்தபடி விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. தூக்கம் போயிற்று, பசி போயிற்று. ஒரு நாள் போகாமல் படுத்துக் கிடந்தான். மறுநாளும் போகவில்லை. அதில் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“சக்கரத்த முன்னால உருட்டுனா கொஞ்சம் முன்னால போவுது, பெறவு தானா பின்னால துள்ளுது,” என்றார் பிச்சுமணி. “பேயி புடிச்ச மாதிரி.”

“புது மவுஸ் வாங்கிருங்க அண்ணாச்சி.”

“ஓனர் துபாயில இருக்காரு. அவரக் கேக்காம இங்கன ஒரு பல்பு கூட மாத்த முடியாது. நீ இதச் சரி பண்ணு. இவுகளுக்கு வீடியோவக் கட் பண்ணிக் குடுக்கணும். ஸ்டேஷனுக்குப் போறாக.”

விஷயம் இதுதான். நிர்மலாதேவி காலையில் அருவிக்குப் போகுமுன் செயினைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்தாளாம். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. இடையில் அறைக்குள் போனது வள்ளித்தாய் மட்டும். கேட்டதற்கு, ஒரே தடவைதான் போனேன், துடைத்தேன், பூட்டினேன் என்றாள். வராந்தாக் கேமராவில் பிச்சுமணி பார்த்தபோது அவள் இரண்டு தடவை போயிருந்தாள். ஒரு தடவை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பிறகு யாருக்கும் வேறு கேள்வி தேவைப்படவில்லை. துணி வைக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப்போய் நிர்மலாதேவியே சோதித்தாள். கொண்டையையும் அவிழ்த்துப் பார்த்தாள். அவிழ்த்த முடியை வள்ளித்தாய் இன்னும் முடியவில்லை. அது முதுகில் அப்படியே கிடந்தது.

“எம் புள்ள போலீசுக்கு எளுதி பாஸாயிருக்கா அண்ணாச்சி,” என்றாள் அவள், பிச்சுமணியைப் பார்த்து. “வெரிஃபிகேஷனுக்கு வீட்டுக்கு வரப் போறாவ. இந்த நேரத்துல ஸ்டேஷன்ல எம் பேரு ஏறிச்சின்னா அவ கத முடிஞ்சிரும்.”

“அதெல்லாம் எடுக்கறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்,” என்றான் சுந்தரபாண்டியன், போனிலிருந்து தலை நிமிராமல்.

துல்கர்னைன் மவுஸைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளைக் கீறி, திருகாணியைக் கழற்றினான். மூடியைத் திறந்ததும் மூலிகைத் தைல வாசனை வந்தது. சக்கரத்தின் அச்சில் நரைத்த முடி ஒன்று சுற்றியிருந்தது. ஒளி புகுந்து வர வேண்டிய பல்லிடுக்குகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாக அடைத்திருந்தது.

“அண்ணாச்சி, எண்ணெ தேச்சிட்டு வந்து மவுஸத் தொடுவியளோ?”

“குத்தாலத்துல இருந்துக்கிட்டு எண்ணெ தேய்க்காம இருக்க முடியுமாவே?”

“சக்கரத்துக்கும் மசாஜ் பண்ணி வச்சிருக்கிய.”

பிச்சுமணி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. துல்கர்னைன் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பல் பல்லாகத் துடைத்தான். சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டர் இந்த இடுக்குகளை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அடைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதே அதற்குக் குழம்பிவிடும். இதை விளக்கலாம் என்று நினைத்தான். கேட்பதற்கு ஆள் இல்லை என்று விட்டுவிட்டான்.

மூடியைப் போட்டு மாட்டினான். “எந்த எடம் வேணும்?”

“இவ ரெண்டாவது தடவ உள்ள போற எடம்,” என்றான் சுந்தரபாண்டியன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வீடியோவை ஓடவிட்டால் அது உறைந்து நின்றுவிடும். சக்கரத்தை உருட்டி உருட்டித்தான் பார்க்க வேண்டும். துல்கர்னைன் உருட்டினான். ஒரு சொடுக்குக்குப் படம் ஒரு அடி நகர்ந்தது, துள்ளல் இல்லை. குடும்பம் அருவிக்குக் கிளம்பியது. வள்ளித்தாய் வாளியோடு வந்தாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆள் உள்ளே இருக்கும்வரை கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது பிச்சுமணியின் சட்டம். பிறகு வாளியை வாசலுக்கு வெளியே நகர்த்தி வைத்தாள். குனிந்து, அறையைப் பார்த்தபடியே துடைத்துத் துடைத்துப் பின்பக்கமாக வெளியே வந்தாள். பூட்டினாள். போனாள். வராந்தா காலியாகக் கிடந்தது. உருட்ட உருட்டக் காலியாகவே கிடந்தது. ஒரு குரங்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஈரத் துண்டுகளோடு குடும்பம் திரும்பியது.

“ரெண்டாவது தடவ எங்க?” என்றான் சுந்தரபாண்டியன்.

“இருந்திச்சே,” என்றார் பிச்சுமணி. “நான் கண்ணால பாத்தேன். நீங்களும் பாத்திய.”

துல்கர்னைனின் விரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது. மவுஸ் சரியாகிவிட்டது. கிளம்பிப் போய்விடலாம். மதியத்துக்குள் மேலகரத்தில் ஒரு பிரிண்டர் வேறு பார்க்க வேண்டும்.

அவன் சக்கரத்தைப் பின்னால் உருட்டினான். திரையில் வள்ளித்தாய் துடைக்கும் கட்டையைப் பிடித்தபடி, வாளியை வெளியே விட்டுவிட்டு, நேராக அறைக்குள் நடந்து போனாள்.

“இதுதானா அண்ணாச்சி?”

“இதேதான். பாத்தியா, உள்ள போறா.”

“மேல மூலையில கடிகாரத்தப் பாருங்க.”

பார்த்தார்கள். கடிகாரம் பின்னோக்கி ஓடியது. காலையிலிருந்து எத்தனையோ முறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் பார்த்தது பொம்பளையைத்தான்.

“அவ வெளிய வாரத நீங்க உள்ள போறதா பாத்திருக்கிய,” என்றான். “மவுஸ் பின்னால துள்ளிருக்கு. அவ பின்பக்கமா தொடச்சிக்கிட்டு வந்ததால வித்தியாசம் தெரியல.”

துடைத்த தரையில் காலடி விழக் கூடாது, பின்பக்கமாகத்தான் துடைத்து வர வேண்டும் என்பதும் பிச்சுமணியின் சட்டம்தான்.

“அப்போ செயின் எங்க?” என்றாள் நிர்மலாதேவி.

“அருவியிலதான் போயிருக்கும்,” என்றான் கணவன்.

“நான் கழட்டி வச்சேன்.”

“வச்சியா, வைக்கணும்னு நெனச்சியா?”

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். சுந்தரபாண்டியன் போனைச் சட்டைப் பையில் போட்டான். வெளியே போய் இன்னொரு தடவை தேடலாம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். போகும்போது வள்ளித்தாய் நின்ற பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை. வழியில் ஒரு தூண் இருந்தால் எப்படி விலகிப் போவார்களோ அப்படிப் போனார்கள்.

பிச்சுமணி தொண்டையைச் செருமினார். சாவி மாட்டும் பலகையைப் பார்த்தார், அங்கே பதில் இருப்பதுபோல.

“சரி வள்ளி. மழ நேரம், ஆளு வந்துக்கிட்டே இருக்கும். ஒம்போதாம் நம்பர் காலியாயிட்டு. போயித் தொடச்சிரு.”

வள்ளித்தாய் அப்போதுதான் முடியைச் சேர்த்தாள். அவசரமில்லாமல் உதறி, இறுக்கி, கொண்டை போட்டாள். வாளியை எடுத்தாள். பலகையிலிருந்து ஒன்பதாம் சாவியை உருவினாள். “யக்கா” என்று துல்கர்னைன் ஆரம்பித்தான். அவள் நிற்கவில்லை.

திரையை அவன் நேரடிக் காட்சிக்கு மாற்றியிருந்தான். வராந்தாவில் அவள் நடந்து போவது தெரிந்தது. ஒன்பதைத் திறந்தாள், வாளியை உள்ளே வைத்தாள், தானும் போனாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு கை வந்து கதவை இழுத்தது.

“ஏட்டி, கதவத் தொறந்து வையி,” என்றார் பிச்சுமணி, திரையைப் பார்த்து.

கதவு மூடிக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ரிசப்ஷன் வரை கேட்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றுவதும் கேட்டது.