உட்கார்ந்தால் சம்மதம்

முத்துலிங்கம் கையைத் தூக்கியது பேசுவதற்காக. தலைவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “நல்ல புள்ள! சொல்லாமலே எந்திரிக்கிறான் பாருங்க. அந்த டீயக் கொண்டாந்து எல்லாருக்கும் குடு தம்பி” என்றார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது.

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்துபோன மறு வருடம் அது. கந்தப்பளைப் பள்ளிக்கூடத்தில் சாரணர் சங்கக் கூட்டம். பெரியவர்கள் திட்டம் போடும்போது பையன்களின் அணித்தலைவர்களும் கூட உட்கார வேண்டும் என்று நுவரெலியாவிலிருந்து சாரணர் ஆணையாளர் சொல்லியனுப்பியிருந்தார். மேலிடத்து உத்தரவாயிற்றே, தட்ட முடியுமா? மூலையில் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்றில் டவுன் பையன்களின் தலைவன் மஃறூப், சங்கத்துப் பெரியவர்களில் ஒருவரான துணிக்கடை சரிபுதீன் முதலாளியின் மகன். மற்றதில் லயத்துப் பையன்களின், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்களின், தலைவன் முத்துலிங்கம். பதினாறு வயது.

சங்கத் தலைவர் வேலாயுதம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைக் கிளாக்கரய்யா என்றுதான் கூப்பிடும். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். “முகாம மாசிப் பௌர்ணமி வார சனி, ஞாயிறுல வச்சிக்குவோம். நிலாவும் இருக்கும்” என்று அவர் சொன்னபோதுதான் முத்துலிங்கம் கையைத் தூக்கினான்.

நிலாவாம் நிலா! மாசி பிறந்தால் தோட்டத்தில் காமன் கூத்து என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். முத்துலிங்கத்தின் அணியில் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் கூத்தில் வேஷம் கட்டுகிறவர்கள். பழனியாண்டிக்கு ரதி வேஷம். கையில் காப்புக் கட்டிவிட்டால் பௌர்ணமியன்று காமனை எரிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அது லயத்துக் கட்டுப்பாடு. மீறினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். ஐந்து பேராகப் போனால் அணியைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். முகாமில் முதலாவதாக வரும் அணிதான் கொழும்புப் பெருமுகாமுக்குப் போகும். போன வருடம் மயிரிழையில் தவறிப்போனது. அந்த எட்டுப் பேரில் ஒருவன்கூடக் கடலைப் பார்த்தவனில்லை. ஏழே நாள், ஒரு கிழமை தள்ளி வையுங்கள் என்று சொல்லத்தான் கையைத் தூக்கினான் பாவி.

தட்டோடு திரும்பி வந்தபோது தேதி முடிவாகிவிட்டது. அடுத்து யாரைப் பிரதம விருந்தாளியாகக் கூப்பிடுவது, மாலை ரோஜாவா செவ்வந்தியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, அந்தத் தேதி வந்துங்க...”

“கடைசியில பேசிக்கலாம் தம்பி. டீ ஆறுது பாரு.”

கடைசி என்று ஒன்று வரவேயில்லை. நன்றி சொல்லி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சாரண ஆசிரியர் கணேசமூர்த்தி மாஸ்டருக்குக் காமன் கூத்து தெரியும், பழனியாண்டி ரதி கட்டுவதும் தெரியும். அந்த மனுஷன் கோப்பையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

புதன்கிழமை பயிற்சிக்குப் பையன்கள் வரிசையில் நின்றபோது கிளாக்கரய்யா தானே வந்து தேதியை அறிவித்தார். அதோடு விட்டாரா?

“இது நாங்களா வச்ச தேதி இல்ல. ஒங்க தலைவருங்க ரெண்டு பேரும் எங்களோட சரிசமமா உக்காந்து, சம்மதிச்சு வச்ச தேதி. யாரும் பொறவு மூக்கால அழுவக் கூடாது.”

முத்துலிங்கத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வரிசையில் நின்ற பழனியாண்டி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தான்.

“நீயும் சம்மதிச்சியாடா?”

“இல்லடா. நான் அப்ப டீ குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“ஒன்ன எங்களுக்காகப் பேசத்தான அனுப்புனோம்?” என்றான் பழனியாண்டி. அதற்குப் பிறகு அவன் முத்துலிங்கத்தோடு பேசவில்லை. மற்றவர்களும் தனித்தனியாகத் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

முத்துலிங்கம் நேரே மாஸ்டரிடம் போனான்.

“பொறுத்துக்கடா. அவரப் பகைச்சுக்கிட்டா நம்ம சாரணர் படையையே கலைச்சிருவாரு” என்றார் மாஸ்டர்.

“நீங்க அங்கனதான இருந்தீங்க மாஸ்டர்? ஒரு வார்த்த சொன்னீங்களா?”

மாஸ்டர் விசிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மஃறூப்பிடம் கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டான். “வாப்பா முன்னுக்கு இருக்கக்குள்ள நான் என்னண்டு வாய் தொறக்கிறது?” என்றான். ஆளாளுக்கு ஒரு சாக்கு! முத்துலிங்கத்துக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கம்பைச் சுவரில் அடித்து முறித்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஆணையாளரே வந்தார். சிங்களப் பெரிய மனிதர், தமிழ் தெரியாது. அன்றைக்குப் பார்க்க வேண்டுமே கிளாக்கரய்யாவை! மூலையில் கிடந்த இரண்டு நாற்காலியும் ஆணையாளருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மஃறூப் உட்கார்ந்தான். முத்துலிங்கம் நின்றான்.

“உக்காரு ராசா” என்றார் கிளாக்கரய்யா, தேனொழுக.

“வேணாங்க. போன தடவ உக்காந்ததுக்கே சம்மதிச்சேன்னு சொல்லிட்டீங்க. காப்புக் கட்டுன பயலுக பௌர்ணமிக்கு வர முடியாது. அதச் சொல்லத்தான் கையத் தூக்குனேன். நீங்க டீ எடுக்கப் போகச் சொன்னீங்க. நான் வாரதுக்குள்ள தேதிய வச்சிட்டு, எங்க பயலுக முன்னுக்கு என்னயப் பொய்யனாக்கிட்டீங்க. இன்னிக்கு நின்னுக்கிட்டேதான் பேசுவேன்.”

பையன் என்ன சொல்கிறான் என்று ஆணையாளர் சிங்களத்தில் கேட்டார். கிளாக்கரய்யா சிரித்துக்கொண்டே, பெரியவர்கள் முன்னால் உட்காரப் பையனுக்குக் கூச்சமாம் என்று சிங்களத்தில் சொன்னார். முத்துலிங்கத்துக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பொய் புரிந்தது. சிங்களத்தில் திருப்பிச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அழுகையால் அல்ல, ஆத்திரத்தால்.

மஃறூப் எழுந்தான். துணிக்கடையில் சிங்களம் பேசியே வளர்ந்தவன். காப்பு, எல்லை, தூக்கிய கை, டீத் தட்டு, புதன்கிழமை சொன்ன பொய் என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டான்.

“மஃறூப்! இரி கீழ!” என்று சரிபுதீன் முதலாளி அதட்டினார்.

“இருந்தா நானும் சம்மதமெண்டு ஆயிரும் வாப்பா” என்றான் மஃறூப். அவன் உட்காரவில்லை.

ஆணையாளர் பையன்கள் பக்கம் திரும்பி, உங்களுக்கு எந்தத் தேதி சரி என்று கேட்டார். ஒரு கிழமை தள்ளி என்று முத்துலிங்கம் சொன்னான், மஃறூப் அதைச் சிங்களத்தில் சொன்னான். அந்தத் தேதியே ஆகட்டும் என்றார். கிளாக்கரய்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார்.

அன்றைக்கு டீயைக் கணேசமூர்த்தி மாஸ்டர்தான் கொண்டுவந்தார். முதல் கோப்பையை முத்துலிங்கத்திடம் நீட்டினார்.

“குடிடா” என்றார் மெதுவாக.

“கூட்டம் முடியட்டும் மாஸ்டர். இன்னும் பேச வேண்டியது இருக்கு” என்றான் முத்துலிங்கம். கோப்பையைத் தொடவில்லை.