முன்னால் வரும் முயல்

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கையலம்பி வருவதற்குள் பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தேன். வேற்றுக் கிரகத்தில் யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று ஏதோ ஆராய்ச்சி நிலையம் பிள்ளைகளின் குரலை வானத்துக்கு அனுப்புகிறதாம். எத்தனையோ பிள்ளைகள் இருக்க, எங்கள் எட்டு வயது மகளின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவார்கள். "நாங்க இங்கதான் இருக்கோம், எங்க வீட்டுக்கு வாங்க" என்கிறாள் குழந்தை. வெற்றிலை பாக்கு வைக்காத குறை!

"அவங்க நம்மளவிட எவ்வளவோ முன்னேறினவங்களா இருப்பாங்கடி. அவ்வளவு அறிவு இருக்கிற இடத்துல நல்ல குணமும் இருக்கும்ல?" என்றார் துண்டில் கை துடைத்தபடி.

"எங்க டாக்டருக்கு அறிவு இல்லையா, குணம் இல்லையா?"

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக முயல்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டாக்டர் தங்கமான மனுஷர். முயலுக்குப் புழுக்கமாக இருக்கும் என்று தன் அறை மின்விசிறியைக் கழற்றிக் கொடுத்தவர். திங்கட்கிழமைதோறும் மேல்மாடிக்கு ஆறு முயல் அனுப்ப வேண்டும். மூலையில் பதுங்குவதைப் பிடித்து இழுக்கக் கூடாது, பயந்த முயலின் ரத்தம் சோதனைக்கு ஆகாது. கூண்டைத் திறந்து "வாடா கண்ணு" என்று நாக்கைச் சொடுக்குவேன். தானாக வருவதை எடுத்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளிகள் இன்னும் நாலு வாரம் இருக்கும். தைரியமானது, என் விரலை மோந்து பார்ப்பது, அன்றைக்கே போய்விடும். மேலே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அவற்றின் மேல் எங்கள் யாருக்கும் துளி வெறுப்பு கிடையாது. எனக்குப் பயமே அதுதான். என் மகளும் அந்த முன்னால் வரும் ஜாதிதான். தெருவில் எந்த நாய் நின்றாலும், எந்த அந்நியன் சிரித்தாலும், முதல் ஆளாக ஓடுவாள்.

"முயலும் மனுஷனும் ஒண்ணாடி?"

"நமக்கு இல்ல. அவ்வளவு உசரத்துலேருந்து பாக்கறவனுக்கு?"

அவர் குனிந்து கடிதத் துண்டுகளைப் பொறுக்கினார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. பிறகு நிமிராமலே சொன்னார்: "நீ இப்படிக் குதிப்பேன்னு தெரியும். நேத்தே பள்ளிக்கூடத்துக்குப் போய் வேற தாள்ல கையெழுத்து போட்டுட்டேன். ஒருத்தர் போட்டா போதுமாம். காலைல பத்து மணிக்கு அனுப்பிட்டாங்க."

"அடப்பாவி மனுஷா! நிறுத்தச் சொல்லுங்க. போன் பண்ணுங்க."

"யாருக்குப் பண்றது? அது இந்நேரம் நிலாவைத் தாண்டி எங்கயோ போயிருக்கும்."

பெற்றது நான், என் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க இவர் யார்? பிள்ளை எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. மொட்டை மாடிக்கு ஓடினேன்.

உச்சி வெயில். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. நுனிக்காலில் நின்று மேலே பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"உள்ள வாடி!" மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். செருப்பு ஒன்று கழன்று வெயிலிலேயே கிடந்தது. அவள் அழவில்லை. படியிறங்கும்போதும் கழுத்தைத் திருப்பி, மற்றக் கையால் வானத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள்.