ஊஸ்மா காயும் நேரம்

நோசனின் என்ற என் தம்பி மகள் தலைநகர் துஷான்பேயின் விடுதியிலிருந்து வந்து, வாசலில் நின்று முக்காட்டை இறக்கியதும் அவள் அம்மா முனீராவின் கையிலிருந்த பூரிக்கட்டை தரையில் விழுந்து உருண்டது.

"அடிப்பாவி! புருவம் எங்கடி?"

"இருக்கும்மா. கொஞ்சமாத்தான் எடுத்தேன்."

"இது கொஞ்சமா? நடுவுல கழுதை வண்டியே போகும் போலிருக்கே!"

எங்கள் ஊர் இஸ்தரவ்ஷானில் ஒரு பெண்ணின் புருவத்தில் முதல்முதலாக நூல் படுவது கல்யாணத்துக்கு முந்தின நாள்தான். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பாடுவார்கள், மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு அழுவாள். அதுவரை புருவம் அதன் இஷ்டம். திருத்திய புருவம் என்றால் கட்டிக்கொடுத்த பெண். கட்டிக்கொடுக்காத பெண்ணுக்கு அப்படி இருந்தால் ஊர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, அதை நான் எழுதப் போவதில்லை.

நோசனினுக்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல் கைகோத்த புருவம். குழந்தையாக இருந்தபோதே தெருப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "இவ பக்கத்து வீட்டுக்கே மருமகளாப் போவா, பாருங்க. புருவம் விலகி இருக்கிறவதான் தூரதேசம் போவா" என்பார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"விடுதியில சிரிச்சாங்க அத்தை. 'நெத்தியில காக்கா உக்காந்திருக்கு, ஓட்டிவிடு'ன்னு. தினமும். துஷான்பேயில எல்லாரும் வில்லு மாதிரி வச்சிருக்காங்க. ஒரு நாள் புருவம் எடுக்கிற கடையில போய் உக்காந்துட்டேன்."

"ஷெரோஸ் பாத்தானா?"

"படம் அனுப்பினேன். 'உன் முகத்தை எங்க வச்சே?'ன்னு கேட்டான்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த ஷெரோஸின் அம்மா பசோரத் அன்று மதியம் குஜந்திலிருந்து பெண் பார்க்க வருகிறாள். எங்கள் பெண்ணோ அந்தப் பையனைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஊஸ்மா பூசி மூடிடலாம்" என்றேன். புருவத்துக்குச் சாயமேற்ற நாங்கள் பாத்தியில் வளர்க்கும் இலை அது.

"நம்ம பாத்தியில கோழி மேஞ்சிடுச்சே அக்கா! ஹோசியத் வீட்டுலதான் இருக்கு."

அங்கேதான் சிக்கல். மதில் மேல் சாய்ந்த, பக்கத்து வீட்டு ஹோசியத்தின் பாதாமி மரக் கிளையை முனீரா வெட்டிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வேறு வழியில்லாமல் முனீரா மதிலடியில் போய் நின்றாள்.

"ஹோசியத் அக்கா!"

"யாரது? செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்ன குரல் மாதிரி இருக்கு."

"ஒரு பிடி ஊஸ்மா வேணும்."

"காய்ச்ச கிளையை வெட்டுற கைக்கு இலை எதுக்கு?"

நோசனின் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மதிலுக்கு மேல் தன் முகத்தைக் காட்டினாள்.

"யா அல்லா" என்றது அந்தப் பக்கமிருந்து ஹோசியத்தின் குரல். "இறங்கு புள்ள, விழுந்துடாதே. வர்றேன்."

முந்தானை நிறைய இலையோடு வந்தாள். உள்ளங்கையில் போட்டுக் கசக்கிப் பிழிந்தாள். தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிவளையக் குழியில் சாற்றை ஏந்தினாள். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் தோய்த்தாள்.

"மூச்சு விடலாம். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, பேசக் கூடாது. புருவம் அசைஞ்சா கோணிடும். காயற வரைக்கும் நீ சுவரு."

முதல் பூச்சில் தெரிந்தது கீரை கழுவிய தண்ணீர் போல ஒரு ஈரம், அவ்வளவுதான். முனீரா கையைப் பிசைந்தாள். பிறகு காற்று தன் வேலையைத் தொடங்கியது. வெறும் தோலில் பாசி நிறம் ஏறியது. அடுத்த பூச்சில் அது இருண்டது. அதற்கடுத்ததில், மலைக்குப் பின்னாலிருந்து மழைமேகம் ஏறி வருவது போல, இல்லாத இடத்திலிருந்து கருமை எழுந்து வந்து மூக்குக்கு மேல் சேர்ந்துகொண்டது. இதைப் பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். பச்சைச் சாற்றுக்குள் அந்தக் கறுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கிறேன்.

பசோரத் சொன்ன நேரத்துக்கு வந்தாள். பையனை வாசலில் காரிலேயே உட்காரவைத்துவிட்டு வந்தாள். நெடுநெடுவென்ற உருவம், நிமிர்ந்த முதுகு. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல இரண்டு நீலக்கோடு, எப்போதோ பச்சை குத்தியது. விரிப்பில் ரொட்டியை அடுக்கி, பச்சைத் தேநீர் ஊற்றினோம். அவள் குடிக்கவில்லை.

"கிட்ட வாம்மா."

நோசனின் போய் மண்டியிட்டாள். பசோரத் குனிந்து மோந்தாள்.

"ஊஸ்மா வாசம் அடிக்குது. இன்னைக்குப் பூசினதா?"

"ஆமாங்க, நல்ல நாளாச்சேன்னு..." என்றாள் முனீரா.

"நடுவுல ஏன் இத்தனை பூச்சு? சேர்ந்து பிறந்த புருவம்னு என் பையன் சொன்னானே."

முனீரா கெண்டியைச் சாய்த்து, நிறைந்திருந்த கிண்ணத்திலேயே மறுபடி ஊற்றினாள். ஹோசியத் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"அடியில ஒண்ணும் இல்ல அம்மா" என்றாள் நோசனின். "நானே எடுத்துட்டேன். வேற எந்தத் தப்பும் பண்ணல. சிரிச்சாங்க, தாங்க முடியல. இந்தப் புருவம் சாயம். இப்ப அழிச்சாலும் சரி."

வாசலில் கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லிச் சிரிச்சாங்க?"

"காக்கான்னு."

"என்னைக் கம்பளிப்பூச்சின்னாங்க" என்றாள் பசோரத். "தொலைபேசி நிலையத்துல வேலை. சினிமாக்காரி மாதிரி மெல்லிசா இருந்தாத்தான் நாகரிகம்னாங்க. பிடுங்கினேன், பிடுங்கினேன், ஒரு நாள் அது வர்றதையே நிறுத்திடுச்சு. அப்புறம் பச்சை குத்தினேன். கறுப்புன்னு குத்தினான், நீலமாப் போச்சு. இப்ப என் மக சொல்றா, 'தடியா இருந்தாத்தான் அழகும்மா, நீயும் வரைஞ்சுக்கோ'ன்னு."

"ஆக, கம்பளிப்பூச்சிக்கு நல்ல காலம் வந்துடுச்சு" என்றாள் ஹோசியத்.

முனீரா அவளைக் கிள்ளினாள். பசோரத்தின் பார்வை கவிழ்ந்திருந்த கிண்ணத்துக்குப் போனது.

"அதுல மிச்சம் இருக்கா?"

யாரும் பதில் சொல்லுமுன் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முகத்தை நீட்டினாள்.

ஹோசியத் தீக்குச்சியை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு பூச்சு. காத்திருந்தோம். நீலக்கோட்டைப் பச்சை விழுங்கியது. இன்னொரு பூச்சு. கருமை இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல நகர்ந்து வந்து நடுவில் தொட்டுக்கொண்டது. அந்த முகத்துக்குள்ளிருந்து நாங்கள் யாரும் பார்த்திராத ஒருத்தி எட்டிப் பார்த்தாள். இருபது வயது இருக்கும் அவளுக்கு. பின்னல் போட்டவள், மதில் ஏறுகிறவள். முனீரா கெண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நோசனின் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். பசோரத் அதில் ஊரில் யாரையோ வெகுநாள் கழித்துக் கண்டதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முனீராவால் பொறுக்க முடியவில்லை. "அப்ப... எங்க பொண்ணு விஷயம்? சம்மதம்தானுங்களா?"

"பேச வைக்காதே!" என்று சீறினாள் ஹோசியத். "காயலை! கோணிடும்!"

"ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தையும் கிடையாது! நீ வெட்டினது கிளை, இது புருவம்!"

பசோரத் சுவராகவே இருந்தாள். கண் மட்டும் முனீரா பக்கம் திரும்பியது. பிறகு கை நீண்டது. அடுக்கின் மேலிருந்த ரொட்டியை எடுத்தாள். நெஞ்சுக்கு நேரே பிடித்து இரண்டாக ஒடித்தாள். எங்கள் ஊரில் பெண் வீட்டு ரொட்டியை ஒடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு எதற்கு? ஒரு பாதியை நோசனின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

முனீரா ஓவென்று அழுதாள். நோசனின் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பசோரத்தின் முகத்தில் ஒரு மயிரிழையும் அசையவில்லை. கண்கள் மட்டும் நிறைந்து தளும்பின.

"அதையும் அடக்குங்க அக்கா" என்றாள் ஹோசியத், பஞ்சைத் தோய்த்தபடி. "இன்னும் ஒரு பூச்சு பாக்கி."