அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சத்தமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு நாள் அப்பாவாகப் போன மனிதரின் கதையைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வராது.

திருவாரூரிலிருந்து கூத்தாநல்லூர் போகிற பக்கம், பாண்டவையாற்றுத் தண்ணீரில் விளைகிற ஊர் ஒன்று. அங்கே ரெத்தினம் என்று ஒருவர். கொஞ்சம் குத்தகை நிலமும் ஒரு கறவை மாடும் வைத்துப் பிழைத்தவர். மனைவி தையல்நாயகி. ஒரே பிள்ளை செழியன், ஒன்பதாம் வகுப்பு.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், தையல்நாயகி மாட்டுக்குப் புல்லறுக்கக் கிளம்பினாள். இருட்டிக்கொண்டு வந்தது. "டார்ச்ச எடுத்துக்கிட்டுக் கூட வாடா தம்பி" என்று கூப்பிட்டாள். செழியன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். "முன்னாடி போம்மா, வர்றேன்" என்றான். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற சொல்தான். உங்கள் வீட்டில் இன்றைக்குக் காலையில்கூட யாராவது சொல்லியிருப்பார்கள். வரப்பில் கண்ணாடி விரியன் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் உடம்பாகத்தான் வந்தாள்.

கருமாதி அன்றைக்குப் பந்தலில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து ரெத்தினம் சொன்னார்: "நீ கூடப் போயிருந்தா அவ இருந்திருப்பா."

அவ்வளவுதான். ஒரே தடவை. பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. எதைப் பற்றியும் பேச்சில்லை. மாட்டை விற்றார். உலை வைத்தார், சோற்றைப் போட்டார், வயலுக்குப் போனார். பையன் அந்தச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். இருவரும் ஒரே கூரையின் கீழே தனித்தனி ஊரில் இருந்த மாதிரி இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவனுடைய வகுப்பாசிரியை லத்தீஃபா. கூத்தாநல்லூர்க்காரி, கார்த்திகையில்தான் மாற்றலாகி வந்தவள். முன்பெல்லாம் முதல் ஆளாகக் கை தூக்குவான் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்ன பிள்ளை, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நாளைக் கழிப்பதை அவள் கவனித்தாள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி மட்டும் வைக்கிறான், சாப்பிடுவதில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என்ன ஏது என்று துருவாமல் சும்மா கூட இருந்தாள். வெகுநேரம் கழித்து அவனே கேட்டான்:

"டீச்சர், நான் இல்லாமப் போயிட்டா எங்க அப்பா நிம்மதியா இருப்பாரா?"

மெல்ல மெல்லக் கேட்டு, பந்தலில் விழுந்த அந்தச் சொல்லையும் தெரிந்துகொண்டாள். உடனே அவன் வீட்டுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது அம்மாவின் எண். அது எப்போதோ அணைந்து போயிருந்தது. அன்று அவனை வீடுவரைக்கும் விட்டுவரச் சொல்லி அதே தெருப் பையன் ஒருவனைக் கூட அனுப்பினாள். அனுப்பும்போது செழியன் தோளைத் தட்டி, அன்பாகத்தான் சொன்னாள்:

"நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வா."

அங்கேதான் தப்பு நடந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கண்ணாடியை உடைத்தவனுக்கும், பீடி பிடித்தவனுக்கும், சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் சொல்கிற சொல். அப்பா வருவார், எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பார், திரும்பும் வழியிலேயே பிள்ளைக்கு அடி விழும். லத்தீஃபா மனதில் இருந்தது வேறு. பிள்ளையின் காதில் விழுந்தது இது. ஏற்கனவே அம்மாவைத் தின்றவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை, அப்பாவைத் தலைகுனியவும் வைப்பானா?

மறுநாள் காலையில் அவன் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனான். தை பிறந்து அறுவடை மும்முரம். களத்தில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மூட்டை தூக்கும் இராஜாங்கம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி வம்புக்கு இழுக்கிற ஆள். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும்.

"அண்ணே, எனக்கு அப்பாவா வர்றீங்களா?"

டீ புரையேறிவிட்டது அவருக்கு. பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த செந்தில்குமார் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏன்ணே, ஒனக்கு இன்னும் பொண்ணே அமையல. அதுக்குள்ள மீசை மொளைக்கிற வயசுல புள்ளையா? சொல்லவே இல்ல!"

"மூடுடா வாய" என்றார் இராஜாங்கம். "எதுக்குடா தம்பி?"

"டீச்சர் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. எங்க அப்பாவ அவங்க பாத்ததில்ல. சும்மா நின்னு ரெண்டு திட்டு வாங்கிட்டு வந்துருங்கண்ணே, போதும்."

"திட்டு வாங்குறதுதானே? அதுல நமக்கு நல்ல சர்வீசு. என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

"எல்லாரும் அப்படித்தான்டா சொல்றீங்க." செந்தில்குமாரின் சட்டையை உருவி மாட்டிக்கொண்டார். தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார். "எப்படிரா இருக்கேன்? ஒன்ன பெத்தவன் மாதிரி இருக்கனா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். பையன் சிரிக்கவில்லை.

லத்தீஃபா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள். இராஜாங்கம் அதை எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே, தான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார்:

"கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"செழியன் எந்தத் தப்பும் பண்ணல சார். உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி நுனியில். அவள் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சாப்பிடாதது, தூங்காதது, பேசாதது. கடைசியில் அவன் கேட்ட அந்தக் கேள்வி. இராஜாங்கத்தின் முகத்திலிருந்த விளையாட்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"உங்கள குத்தம் சொல்றதுக்குக் கூப்பிடல சார். நீங்க எவ்வளவு ஒடஞ்சு போயிருப்பீங்கன்னு தெரியும். ஆனா அவன் மனசுல அது முள்ளா நிக்கிது. நீ கூடப் போயிருந்தா அவ இருந்திருப்பான்னு சொன்னீங்களா?"

நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் என்ன சொல்வார்? இல்லை என்றால் பிள்ளை பொய்யன் ஆவான். ஆமாம் என்றால், முகம் தெரியாத ஒருவர் தலையில் பழியைப் போட்டதாகும். வாசலில் நின்ற செழியன் நிமிர்ந்து அவரையே பார்த்தான். அவர் அப்பா இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பதிலுக்காகக் காத்து நின்றான்.

இராஜாங்கம் துண்டை முறுக்கினார். "யாரு சொல்லியிருந்தாலும் அது தப்புதான் தம்பி" என்றார். "பெத்தவனே சொல்லியிருந்தாலும் தப்பு."

பையன் அப்படியே குந்தி உட்கார்ந்தான். அம்மா செத்ததிலிருந்து அழாத பிள்ளை அது. அன்றைக்கு அழுதது. லத்தீஃபா எழுந்து போய் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இராஜாங்கம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"டீச்சர், இதுல உக்கார வேண்டிய ஆளு நான் இல்ல. நான் மூட்ட தூக்குறவன். வெளையாட்டா வந்துட்டேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. "நாந்தாங்க தப்புப் பண்ணிட்டேன். புள்ளைகிட்ட சொல்லி அனுப்பிருக்கக் கூடாது. நான் போயிருக்கணும்" என்றாள். பிறகு, "இப்பவே போறேன். இவங்க அப்பாவத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது. ஆனா கூட வர்றேன். கேட்டுட்டேன்ல, இனிமே எப்படிச் சும்மா இருக்குறது?"

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். ரெத்தினம் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பிக் காலால் கோடு இழுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். டீச்சரோடு பிள்ளையைப் பார்த்ததும் கை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணல சார்" என்று லத்தீஃபா குறுக்கே நின்றாள்.

இராஜாங்கம் முன்னால் வந்தார். "ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு நாந்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மன்னிச்சுக்குங்க."

"எம் பேரச் சொல்லிக்கிட்டா? எம் புள்ளைக்கு அப்பன் நான் உசிரோடதானய்யா இருக்கேன்?"

"அது ஒங்களுக்குத் தெரியுது. இவனுக்குத் தெரியலியே."

லத்தீஃபா வார்த்தைகளைப் பொறுக்கியெடுத்து, பிள்ளை கேட்ட கேள்வியைச் சொன்னாள். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள்.

"நானா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"கருமாதியன்னைக்குப்பா" என்றான் செழியன். "பந்தல்ல. நான் ரசம் ஊத்திக்கிட்டு வந்தேன்."

ரெத்தினம் திரும்பி நெல்லுக்குள் இறங்கினார். காலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார். பாதியில் நின்றுவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

"நாந்தான் போன் பண்ணினேன். மாட்டுக்குப் புல்லு இல்ல, போயி அறுத்துக்கிட்டு வான்னு நாந்தான் சொன்னேன். பொழுது போயிருச்சேன்னா அவ. ஒரு கட்டுதானே, இருட்டுறதுக்குள்ள வந்துரலாம், போன்னேன். நான் கடைத்தெருவுல சும்மா பேசிக்கிட்டு நின்னேன். வந்து நானே அறுத்திருக்கலாம். அத யார்கிட்ட சொல்றது? சொல்ல முடியல. தூக்கி இவம் மேல போட்டுட்டேன்."

நெல் காய்கிற ரோட்டில் ஒரு வண்டிகூட வரவில்லை அப்போது. செழியன் அப்பாவிடம் போனான். நெல்லை மிதித்துக்கொண்டே போனான்.

"அப்ப, நாம ரெண்டு பேருமாப்பா?"

ஐயோ, அந்தப் பிள்ளை கேட்ட குரல். இராஜாங்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். லத்தீஃபாதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் இல்ல. பாம்பு கடிச்சுது. அவ்வளவுதான் நடந்துது."

ரெத்தினம் பிள்ளையின் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். எதுவும் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத மனிதர்கள்தானே நம் வீடுகளில் பாதிப்பேர்.

திருவாரூரில் இதற்கென்று ஒரு மருத்துவர் இருக்கிறார், அழைத்துப்போக வேண்டும் என்றாள் லத்தீஃபா. "புள்ளைக்குப் பைத்தியம்னு பேராயிருமே டீச்சர்?" என்று கலங்கினார் ரெத்தினம். "கால்ல முள்ளு ஏறுனா எடுக்க மாட்டமா சார்? நீங்களும் கூட உக்காரணும். ரெண்டு பேருக்கும் ஏறியிருக்கு" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவள் எந்தப் பிள்ளையிடமும் பெற்றவரைக் கூட்டிவரச் சொல்வதில்லை. தானே போகிறாள். பிள்ளை நன்றாகப் படித்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை, கண்ணுகளா. போனவள் வரவில்லையே. சில நாள் பையன் சாப்பிடுகிறான், சில நாள் தட்டைத் தள்ளிவிடுகிறான். சாயங்காலமானால் இருவரும் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். ஆனால் பாடுபடுவதை ஒருவருக்கொருவர் ஒளிப்பதில்லை.

முதல் தடவை மருத்துவரைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினார்கள். அங்கே மகன் பேசியதைவிட அப்பா அழுததுதான் அதிகம். மகன்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் வரும்போது, மாதக்கணக்கில் இரவெல்லாம் முழித்துக் கிடந்த அந்தப் பிள்ளை, அப்பா தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் திறந்து, எச்சில் வழிய, குழந்தைத் தூக்கம். ஊர் வந்தது. நடத்துநர் விசில் ஊதினார்.

"யோவ், எறங்கலியா? ஒங்க ஊருய்யா!"

ரெத்தினம் அசையவில்லை. "புள்ள தூங்குது" என்று கிசுகிசுத்தார். "அடுத்த ஊருக்கு டிக்கெட் போடுங்க."

அடுத்த ஊரிலும் அவன் எழுந்திருக்கவில்லை. அதற்கும் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கினார். பஸ் கடைசியாக நின்ற இடத்தில் அவனே கண் விழித்து, "எங்கப்பா இருக்கோம்?" என்று கேட்டான். "கொஞ்சம் தள்ளி வந்துட்டோம். வா, போவலாம்" என்றார். அறுத்து முடிந்த வயல்களுக்கு நடுவே இருவரும் ஊரைப் பார்த்து நடந்து வந்தார்கள். வழியெல்லாம் தையல்நாயகியைப் பற்றித்தான் பேச்சு.

போய் வாருங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டில் படுத்த பிள்ளைகளுக்குப் படுத்தவுடன் தூக்கம் வரட்டும். கோபத்தில் விழுகிற சொல்லை அன்றைக்கே குனிந்து பொறுக்கியெடுக்கிற மனசு பெரியவர்களுக்கு இருக்கட்டும். அழுகை வந்தால் அழுவதற்கு ஒரு தோளும், கேட்பதற்கு ஒரு காதும் உங்கள் கூரைக்குள்ளேயே கிடைக்கட்டும். புல்லறுக்கப் போனவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் உங்கள் வீடு வந்து சேரட்டும்.