அபிதாவுக்கு மட்டும் பாடிய ரேடியோ

சிட்லபாக்கத்தில் ஓடும் அத்தனை கார்களிலும், ஆள் பார்த்துப் பாடும் ரேடியோ தன் காரில் மட்டும்தான் உண்டு என்று லக்ஷ்மிநாராயணன் ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். சிட்லபாக்கம் என்றது அடக்கத்தினால். அவர் மனதில் இருந்தது ஆசியாக் கண்டம்.

மனைவி அபிதகுஜாம்பாள் ஏறி உட்கார்ந்து, "ம், வாயைத் திற" என்றால் பாடுமாம். கேம்ப் ரோட்டில் கீரை வாங்க அவள் இறங்கினால் பல்லவியோடு நிறுத்திக்கொண்டு, கீரைக்கட்டோடு திரும்பியதும் சரணத்தை எடுக்குமாம். அவர் தனியாகப் போனால் இழவு வீடுதான். ஒருமுறை வேளச்சேரிவரை கெஞ்சிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு தும்மல்கூட வரவில்லை.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அபிதாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரேடியோ அதன்பின் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. "பாவம்" என்பதுபோலத் தலையாட்டுகிறார்கள். பொய் என்று சொன்னால் சண்டையாவது போடலாம். அவளைப் பற்றிய இந்த ஒன்றையாவது ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வருஷத் திதிக்குப் புனேயிலிருந்து வந்திருந்த மகன் ஹர்ஷாவும் நம்பவில்லை. அந்த ரேடியோவை ஆன்லைனில் வாங்கி, அம்மாவுக்காகத் தானே மாட்டிக்கொடுத்தவன் அவன்.

"அப்பா, ரேடியோவுக்கு அம்மாவும் தெரியாது, நீயும் தெரியாது. கரண்ட் வந்தா பாடும்."

"அப்போ கரண்டுக்கு அம்மாவைத் தெரிஞ்சிருக்கு."

ஹர்ஷா கரண்ட் பார்க்கும் மீட்டரோடு காருக்குள் நுழைந்தான். ஃபியூஸ் போகவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் கதவு போல்ட்டில் வைத்துப் பார்த்தான். ரேடியோவுக்குப் போகும் மஞ்சள் கம்பியில் கரண்ட் இருந்தது. சாவியைத் திருப்பினால் சிவப்பிலும் இருந்தது.

"எல்லாம் சரியா வருது. ரேடியோவேதான் போயிடுத்து. புதுசு போட்டுடறேன்."

லக்ஷ்மிநாராயணன் கதவருகே குனிந்தார். புதுசு எவன் உட்கார்ந்தாலும் பாடுமே.

"ஒரே ஒரு தரம் அவ சீட்டுல உக்காந்து பாரேன்."

ஹர்ஷா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். சத்தமில்லை. "பார்த்தியா?"

"அவ அப்படி உக்கார மாட்டாடா. முழங்கால் வலின்னு சீட்டைப் பின்னால தள்ளிண்டு, இடது காலை அந்த ஓரத்துல முட்டுக் குடுத்துப்பா."

ஹர்ஷா சீட்டைத் தள்ளி, கதவோரத்துப் பிளாஸ்டிக் பலகையில் குதிகாலை அழுத்தினான். ரேடியோவில் வெளிச்சம் வந்தது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் காரே அதிரப் பாடியது. காலை எடுத்தான், நின்றது. வைத்தான், பாடியது.

ஹர்ஷா அந்தப் பலகையைக் கழற்றினான். பின்னால் ரேடியோவின் கறுப்புக் கம்பி, சரியாக முறுக்காத ஒரு திருகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த எர்த் கம்பி வெறும் இரும்பைத் தொடணும். பெயிண்ட்டைச் சுரண்டாம மேலயே மாட்டியிருக்கேன். அழுத்தினாத்தான் தொடும்." அவன் குரல் தாழ்ந்தது. "மீட்டரைக் கதவு போல்ட்டுல வச்சுப் பார்த்ததால இதை மட்டும் நான் சோதிக்கவே இல்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொன்னால் பிள்ளை செய்த வேலையில் குறை சொன்னதாகிவிடும். அவள் சொல்லமாட்டாள்.

பலகையில் குதிகால் அளவுக்கு ஓரிடம் வெளுத்துத் தேய்ந்திருந்தது. காலை வைத்த பிறகுதான் எப்போதும் அவள் "வாயைத் திற" என்பாள் என்பது லக்ஷ்மிநாராயணனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் கதை அளந்து வந்தவரைப் பக்கத்து சீட்டிலிருந்து ஒருத்தி ஏமாற்றியிருக்கிறாள். சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அது சிரிப்பாக இல்லை.

ஹர்ஷா திருப்புளியை எடுத்தான். "முறுக்கிடவாப்பா?"

"வேண்டாம்." கட்டைவிரலால் அந்தத் தேய்ந்த இடத்தைத் தடவினார். "நாளைக்குக் காலம்பற ஏரிக்கரைக்கு என்னோட வரியா?"

"வந்து என்ன சொல்லணும்?"

அவர் பலகையை எடுத்து அவனிடம் நீட்டினார். ஹர்ஷா பலகையை இருந்தபடியே பொருத்தினான். அம்மாவின் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பாடித்துன்னு சொல்றேன்பா," என்றான். "அம்மாவுக்கு மட்டும்தான் பாடித்து."